கொல்லையில காட்டுக்கோழி வந்தா என்ன செய்யலாம்?
மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை தோட்டத்த ஒட்டி வீடு இருக்கவங்களுக்கு தெரியும், விடிகாலையில நம்ம கோழியோட சேந்து ஒரு காட்டுச்சேவலும் மேஞ்சிட்டு இருக்கும். மொத வேல, அது நெசமாவே காட்டுக்கோழியான்னு பாருங்க. காலு சாம்பல் கலர், வால் ஆரம்பிக்கிற எடத்துல வெள்ளையா ஒரு திட்டு, கூவுறப்ப கடைசி சத்தம் டக்குனு வெட்டுன மாதிரி நின்னுரும், ஆள பாத்தா நிக்கவே நிக்காது, பறந்துரும். கிட்ட வந்து நின்னா பெரும்பாலும் நாட்டுக்கோழி கலப்புதான், ரெண்டும் ஈஸியா சேரும்.

புடிக்க மட்டும் போகாதீங்க லா. 2010 வனவிலங்கு சட்டப்படி பெர்ஹிலித்தான், அதான் வனவிலங்கு இலாகா, லைசென்ஸ் வேணும், கறி தனி ருசின்னு பெருசுங்க சொல்றத கேட்டு கண்ணி வெச்சிறாதீங்க.

வரவேணாம்னா சாயங்காலம் மிச்ச தீவனத்த அள்ளிருங்க, நம்ம கோழிய அடைச்சு வைங்க, ஏன்னா நியூகாசல் (வெள்ளைக்கழிச்சல்) மாதிரி கோழி நோய் ரெண்டு பக்கமும் பரவும். சேவல மூலையில மடக்காதீங்க, கால் முள்ளு கிழிச்சிரும், வழி விட்டு கைய தட்டுனா போதும். குஞ்சோட பெட்டைய பாத்தா நாய கட்டிருங்க. செத்து கெடந்தா வெறும் கையில தொடாதீங்க.