கீழே கடை, மேலே வாடகை: வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கீழ்த்தளத்தைத் தொழிலுக்கும் மாடியை வாடகைக்கும் வைத்துக்கொள்ள வீடு வாங்குபவர், விலை பேசுவதற்கு முன்பே, 30 ஆண்டு வில்லங்கச் சான்றிதழ் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டுவது), மூலப்பத்திரங்கள், பட்டா ஆகியவற்றோடு அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும். அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அதில் வண்டி நிறுத்துமிடம் என்றிருப்பது நேரில் ஷட்டர் போட்ட கடையாக நின்றால், அந்த விதிமீறலையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறீர்கள். கீழ்த்தளம் குடியிருப்புக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டிருந்தால், பயன்பாட்டை மாற்ற இயலுமா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் தரகரின் வாய்ச்சொல்லை நம்பவே கூடாது.

மாடிப்படி வெளிப்புறமாக இருப்பது மிக முக்கியம். கடைக்குள் நுழைந்து வீட்டுக்குப் போக எந்தக் குடும்பமும் விரும்பாது. கடைக்கு வணிகக் கட்டணத்தில் தனி மின் இணைப்பு வேண்டும். பத்திரப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 எனச் சொத்து மதிப்பில் மொத்தம் 9 சதவீதத்தை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.

குடிவைக்கும்போது, 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள்.