மருந்துப் படிகத்துக்குள் இருக்கும் தண்ணீரை மறந்தால் வரும் தவறுகள்

பள்ளி ஆய்வகத்தில் மயில்துத்தத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கியது பலருக்கு நினைவிருக்கும். நீலம் போய் வெள்ளைப் பொடியாகும், குழாயின் வாயோரம் நீர்த்துளிகள் ஒட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நீலம் திரும்பும். மருந்துகளிலும் பல இப்படித்தான், படிகத்துக்குள் தண்ணீரை வைத்திருக்கும். ஆனால் அவை நிறம் மாறிக் காட்டிக்கொடுப்பதில்லை. ஆஸ்துமா மருந்தான தியோஃபிலினின் நீரற்ற வடிவமும் வெள்ளைப் பொடி, ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த அதன் மோனோஹைட்ரேட்டும் வெள்ளைப் பொடி.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் அதிகம் செய்யும் தவறு, படிக நீரை ஈரம் என்று நினைப்பது. அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கின் ட்ரைஹைட்ரேட்டில் ஒரு மூலக்கூறுக்கு மூன்று நீர் மூலக்கூறுகள், எடையில் சுமார் 12.9 சதவீதம். சோதனையில் 13 என்று வந்ததும், "சரக்கு நமத்துப் போச்சு, ட்ரையரில் போடலாமா?" என்று ஒரு தம்பி என்னிடம் பதறிப்போய்க் கேட்டார். நமத்துப் போகவில்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் படிகத்தைக் கட்டி நிறுத்தியிருக்கிறது. சூடாக்கி விரட்டினால் படிகம் குலையும், மருந்தும் சிதையத் தொடங்கும். கார்ல் ஃபிஷர் சோதனை தண்ணீர் எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். மேலே ஒட்டியதா, உள்ளே கட்டுண்டதா என்று பிரித்துச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள சூடாக்கும்போது எடை எப்படிக் குறைகிறது என்று காட்டும் டி.ஜி.ஏ. வரைபடமும், படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-ரே டிஃப்ராக்‌ஷனும் வேண்டும்.

அப்புறம் எடை. நீரற்ற தியோஃபிலினின் மூலக்கூறு எடை 180.2, மோனோஹைட்ரேட்டுக்கு 198.2. நீரற்றது என்று நினைத்து மோனோஹைட்ரேட்டை 100 மி.கி. நிறுத்தால், உண்மையில் கையில் இருப்பது 90.9 மி.கி. தியோஃபிலின்தான். இந்த 9 சதவீதத்தைத் தேடி, மருந்தை அளக்கும் கருவியின் பிரிப்புக் குழாய் (column), பம்ப், கரைசல் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு இரண்டு நாள் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டில் லேபிளில் ஒரே ஒரு சொல் படிக்காமல் விட்டதுதான் காரணம். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பொடியோடு வரும் சான்றிதழில் 'உள்ளபடியே' என்று தரப்பட்ட தூய்மை அளவில் தண்ணீர் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும், அது தெரியாமல் இன்னொரு முறை கழிப்பார்கள்.

எல்லா மருந்துக்கும் ஒரே கணக்கு என்று நினைப்பதும் ஆபத்து. 500 மி.கி. அமாக்சிசிலின் கேப்சூலில் உள்ளே இருப்பது சுமார் 574 மி.கி. ட்ரைஹைட்ரேட், லேபிளில் சொல்லும் 500 தண்ணீரைக் கழித்த கணக்கு. மெக்னீசியம் சல்பேட் ஊசியில் வழக்கம் தலைகீழ். 50 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 500 மி.கி. என்பது ஏழு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்த எடை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர்! நீரற்ற உப்பு என்று எண்ணி மில்லிமோல் (மூலக்கூறு எண்ணிக்கையின் அளவு) கணக்குப் போட்டால் விடை இரண்டு மடங்காக வரும். பிரசவ வார்டில் வலிப்புக்குக் கொடுக்கும் மருந்து இது என்பதால், இந்த ஒரு கணக்கை மட்டும் நான் யாரிடமும் அவசரமாகப் போடச் சொல்வதில்லை.

நீரற்ற வடிவத்தை வாங்கிவிட்டால் கடைசிவரை அது நீரற்றதாகவே இருக்கும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. வலிப்பு மருந்தான கார்பமாசெபினை எடுத்துக்கொள்வோம். நீரற்ற பொடியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, நுண்ணோக்கியில் பொறுமையாகப் பாருங்கள். கட்டிக் கட்டியாக இருந்த படிகங்களின் விளிம்பிலிருந்து மெல்லிய ஊசிகள் முளைக்கும். பூனை மீசை மாதிரி நீண்டுகொண்டே போகும். அவைதான் டைஹைட்ரேட், அதாவது இரண்டு நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவம். நீரற்றதை விட இது தண்ணீரில் குறைவாகத்தான் கரையும்.

இதைப் பார்த்த பிறகு இரண்டு விஷயம் புரியும். ஒன்று, நீரற்ற கார்பமாசெபினைத் தண்ணீரில் போட்டு இரவெல்லாம் குலுக்கிவிட்டுக் காலையில் அளக்கும் கரைதிறன் டைஹைட்ரேட்டினுடையது. அடியில் தங்கிய பொடி எது என்று பார்க்காமல் அந்த எண்ணை நோட்டில் எழுதக் கூடாது. இரண்டு, மாத்திரைக்காகத் தண்ணீர் ஊற்றிப் பிசையும் ஈரக் குருணையாக்கத்திலும் இதே மாற்றம் நடக்கலாம், பிறகு உலர்த்தும்போது தண்ணீர் வெளியேறி வேறொரு நீரற்ற வடிவமும் வரலாம். மூலப்பொருளைச் சோதித்தால் போதாது, குருணையையும் முடிந்த மாத்திரையையும் சோதிக்க வேண்டும்.

வீட்டிலும் இது நடக்கிறது. ஈரக்காற்றில் வைத்த கார்பமாசெபின் மாத்திரைகளின் பயன் மூன்றில் ஒரு பங்கு வரை குறையலாம் என்று 1990இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. மாத்திரை இறுகிப்போய், வயிற்றில் மெதுவாகக் கரையும். வலிப்பு மருந்தில் இது சின்ன விஷயமில்லை, அடங்கியிருந்த வலிப்பு திரும்பி வரலாம். அதனால் குளியலறை அலமாரியிலும் அடுப்பு மேடைக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரு வார மாத்திரையை மொத்தமாகப் பிரித்து டப்பாவில் போட்டு வைப்பதை இந்த மருந்துக்குச் செய்ய வேண்டாம். பாட்டிலில் வந்தால் உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் மூடியை இறுக்குங்கள். ஈரம் பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், ஈடுகட்ட இன்னொன்று சேர்த்துப் போடாதீர்கள். புது அட்டை வாங்குங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.