எமே செசேரைப் படிக்கும்போது இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கரீபியன் கடல்ல இருக்குற பிரெஞ்சுத் தீவு மார்த்தினிக்; அந்த ஊர்க் கவிஞர், அரசியல்வாதிதான் செசேர். அவரைப் பத்தி யார் எழுதினாலும் ரெண்டாவது வரியிலயே ஆந்த்ரே பிரெத்தோன் வந்து உக்காந்துடுவாரு. கனவையும் ஆழ்மனசையும் எழுத்தாக்குற சர்ரியலிச இயக்கத்தைத் தொடங்கின பிரெஞ்சு எழுத்தாளர் அவரு. என்னமோ அவரு மார்த்தினிக்குக்குப் போய்தான் செசேரை சர்ரியலிசக் கவிஞர் ஆக்கின மாதிரி. நடந்ததே வேற. 1941ல நாஜிகளுக்குத் தப்பிச்சு அமெரிக்கா போற வழியில பிரெத்தோன் அந்தத் தீவுல இறங்குறாரு, மகளுக்கு ரிப்பன் வாங்க ஒரு கடைக்குள்ள நுழையுறாரு, அங்க ‘த்ரோபிக்’னு ஒரு பத்திரிகை கண்ணுல படுது, புரட்டினவரு அசந்துட்டாரு. அதை நடத்தினது செசேர், அவரு மனைவி சுசான், தத்துவம் படிச்ச ரெனே மெனில் எல்லாம் சேர்ந்துதான். செசேரோட அந்த நீள்கவிதை, தாயகம் திரும்புறதைப் பத்தினது, 1939லயே பாரிஸ்ல வந்தாச்சு!

அந்தக் கவிதையிலயும் ஒரு சிக்கல் இருக்கு. 1939, 1947, 1956னு மனுஷன் அதை மாத்திக்கிட்டே இருந்தாரு. நம்ம கைக்கு வர்றது பெரும்பாலும் 1956 பதிப்பு, அதுல இருந்து ஒரு வரிய எடுத்து 39லயே இப்படிச் சொன்னாருன்னு போடாதீங்க.

சர்ரியலிசம்னா கனவு, புரியாத வரின்னு ஒதுக்குறது இன்னும் மோசம். த்ரோபிக் வந்தப்ப தீவு, நாஜிகளோட ஒத்துழைச்ச பிரான்ஸோட விஷி அரசு ஆளுங்க பிடியில இருந்துச்சு, நேரடியா அரசியல் எழுதினா பத்திரிகை காலி, அதனால கவிதைக்குள்ளயும் நாட்டுப்புறக் கதைக்குள்ளயும் வச்சுத்தான் சொல்ல முடிஞ்சுது. 1943ல சென்சார் அதிகாரி இதைக் கண்டுபிடிச்சு தடை போட்டு இனவாதிங்கன்னு திட்டினதுக்கு, ஆமா, ஹைட்டி அடிமைப் புரட்சித் தலைவர் தூசான் லூவெர்த்யூரோட, அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸோட இனவாதம்தான் எங்களுது, ஹிட்லரோட இனவாதத்துக்கு எதிரானதுன்னு பதில் எழுதி அனுப்புனாங்க பாருங்க, அந்தத் திமிரு சான்ஸே இல்ல.

செசேரும் நண்பர்களும் முன்வச்ச கறுப்பின அடையாளச் சிந்தனைதான் நெக்ரிட்யூட், அதைத் தோல் நிறப் பெருமை மட்டும்னு நினைக்காதீங்க. அந்த நீள்கவிதையிலயே நான் யூதனா இருப்பேன், கல்கத்தா இந்துவா இருப்பேன்னு வரும். செசேர் பிறந்த பாஸ் புவாந்த் பக்கம் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா போன தமிழங்க வம்சம் நிறைய, அதனால இந்த வரி நமக்குக் கொஞ்சம் கூடுதலாவே உறைக்கும்.

அப்புறம் அவரு தனிநாடு கேட்டாருன்னு சும்மா அடிச்சு விடாதீங்க. 1946ல மார்த்தினிக்கை பிரான்ஸோட ஒரு மாவட்டமா ஆக்கின சட்டத்துக்கு முன்னால நின்னதே அவருதான், 1956ல கம்யூனிஸ்ட் கட்சிய விட்டு வெளிய வந்தப்புறமும் கேட்டது சுயாட்சிதான். இதுக்காக மார்த்தினிக் எழுத்தாளர் ரஃபயேல் கோன்ஃபியான் 1993ல தனிப் புத்தகமே போட்டு விளாசியிருக்காரு, ரசிகரா இருந்தாலும் அதையும் ஒரு கை பாருங்க.