ஆய்வுக்கு முந்தின ராத்திரி செய்கிற தவறுகள்

வண்டிகளைத் தகுதி ஆய்வுக்குத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். ஓட்டுநர் தேர்வுக்குப் போகும் வண்டிகளும் பட்டறைக்கு வரும். போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு காரில் ஒரு காரியம் செய்தான். பல வருஷங்களுக்கு முன் நானும் அதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆய்வுக்குத் தேதி கிடைப்பதில்லை என்று எல்லோரும் குறைப்படுகிறோம். ஆனால் அந்த வரிசையில் முதல் தடவை திருப்பி அனுப்பப்பட்டு மறுபடி வந்த வண்டிகளும் நிற்கின்றன. ஒரு வண்டி தோற்றால், இன்னொருவருக்குப் போக வேண்டிய நேரத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

பல்பு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா, காகிதங்கள் கையில் இருக்கின்றனவா என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

செக் எஞ்சின் விளக்கை அழிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இதுதான். எஞ்சினில் குறை இருக்கிறது என்று டாஷ்போர்டில் காட்டும் விளக்கு எரிகிறது, மறுநாள் ஆய்வு. ஸ்கேனரை மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் குறைக் குறியீட்டை, அதாவது ‘கோடை’, அழிக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். வேலை முடிந்தது என்று தூங்கப் போகிறார்கள்.

அணைந்தது விளக்கு மட்டும்தான். எஞ்சின் கம்ப்யூட்டர் தன்னைத் தானே சோதித்து வைத்திருந்த கணக்கும் அதோடு அழிந்துபோகிறது. புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், பெட்ரோல் ஆவி கசிவு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை உண்டு. கோடை அழித்ததும் இவை ‘இன்னும் முடியவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்கான ஓ.பி.டி. சாக்கெட்டில் கருவியை மாட்டிப் பார்க்கும் மையமாக இருந்தால், ஆய்வாளருக்கு முதலில் தெரிவது இதுதான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல்படி 1996 முதல் 2000 வரையிலான மாடல்களில் இரண்டு சோதனைகள் வரை முடியாமல் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். 2001 முதலான மாடல்களில் ஒன்றே ஒன்றுதான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல், 2010 முதலான மாடல்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் கோடுகளையும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் 2018 மே முதல் இந்த விளக்கு எரிந்தாலே பெரிய குறையாக எழுதித் தோல்வி போடுகிறார்கள். அழித்துவிட்டுப் போனால் பிழைக்கலாம் என்று நினைக்கலாம். குறை உள்ளேயே இருந்தால், போகிற வழியிலேயே விளக்கு மறுபடி எரியக்கூடும்.

நான் சிக்கியது ஒரு டெலிவரி வேனில். கோடை அழித்து அனுப்பினேன், மறுநாளே திரும்பி வந்தது. உரிமையாளர் கோபப்படவில்லை. “அடுத்த தேதி மூணு வாரம் கழிச்சுத்தான் கிடைச்சிருக்கு, அதுவரைக்கும் வண்டிய நிறுத்தித்தான் வைக்கணும்” என்று மட்டும் சொன்னார். அந்த மூன்று வார வருமானம் என்னால் போனது. அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

பையன் செய்ததைப் பார்த்தபோது எரிச்சல் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரில் இருந்தது பி0442, அதாவது பெட்ரோல் ஆவி லேசாகக் கசிகிறது என்கிற கோடு. பெட்ரோல் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதை மாற்றியிருந்தால் போதும். அவன் கோடை அழித்து அனுப்பினான், கார் திரும்பி வந்தது. பிறகு மூடியை மாற்றி மூன்று நாள் ஓட்டினோம், சோதனைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டு வந்தன. கடைசி நாள் ராத்திரி, “எதுக்கும் இருக்கட்டும்” என்று மறுபடி ஒரு தடவை அழித்துவிட்டான். மூன்று நாள் ஓட்டியதெல்லாம் வீண்.

அதனால் முதலில் குறையைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கோடை ஒரே ஒரு தடவை அழியுங்கள். அதன் பிறகு சில நாள் ஓட்ட வேண்டும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்வது, வண்டியை நகர்த்தாமல் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஐடிலில் ஓட விடுவது, நகர நெரிசலில் நின்று நின்று போவது, நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போவது என எல்லாம் அதில் இருக்க வேண்டும். டேங்கை நிரப்பிவிடவும் வேண்டாம், காலியாகவும் விட வேண்டாம். ஆவி கசிவுச் சோதனை பெரும்பாலும் டேங்க் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் இருக்கும்போதுதான் நடக்கும். சோதனைகள் முடிந்துவிட்டன என்று ஸ்கேனரில் பார்த்த பிறகே தேதி வாங்குங்கள்.

ஓட்டுநர் தேர்வுக்கும் இது பொருந்தும். பிரிட்டனில் தேர்வுக்குக் கொண்டுவரும் காரில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியக் கூடாது. மாதக்கணக்கில் பழகியவர் வண்டியை நகர்த்தாமலேயே திரும்புகிறார் என்றால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

ஒரு பக்க பிரேக் பேடு

சத்தம் வருகிற பக்கம் மட்டும் பேடு மாற்றாதீர்கள். ஆய்வில் சக்கரங்களை உருளை மேல் ஏற்றிப் பிரேக்கைச் சோதிக்கும்போது இடது, வலது பிடிப்பு தனித்தனியாகத் தெரியும். ஒரே அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே வித்தியாசம் 30 சதவீதத்தைத் தாண்டினால் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தோல்விதான். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டாலும் அவை டிஸ்கில் படிந்து உட்கார நாள் எடுக்கும். ராத்திரி மாற்றிக் காலையில் காட்டினால் பிடிப்பு குறைவாகவே வரும்.

டயர்

1.6 மி.மீ. என்பது பல நாடுகளில் குறைந்தபட்ச ஆழம். நடுவில் மட்டும் அளக்காதீர்கள், உள்விளிம்பையும் அளந்து பாருங்கள்.

சேசிஸ் எண்

வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் இந்த எண்ணின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.

அடிப்பக்கச் சேறு

கழுவிவிட்டுப் போங்கள். ஆய்வாளரால் பார்க்க முடியாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

தேதியை விட்டுவிடுவது

வண்டி தயாராகவில்லை என்று தெரிந்த அன்றைக்கே முன்பதிவை ரத்து செய்யுங்கள். முந்தின ராத்திரி ரத்து செய்தால் அந்த இடம் பெரும்பாலும் வேறு யாருக்கும் கிடைக்காது, காலியாகவே போகும்.