கெண்டைக்கு களி உருண்டை, குஞ்சுக்கு முள்ளு கிளை

நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல கேஆர்பி டேம் பக்கமோ பாரூர் ஏரியோ, தூண்டில் போட எங்க உக்காந்தாலும் மீன் குத்தகைல இருக்கான்னு முதல்ல கேட்டுக்கோங்க, இல்லன்னா தூண்டிலோட சேத்து மானமும் போயிடும்.

கெண்டை, ரோகுக்கு நம்மூர் ராகி களிய அடிச்சிக்க ஆளில்ல. ஆறினதும் கடலைப்புண்ணாக்கு தூள் போட்டு பிசைங்க, விரல்ல ஒட்டக்கூடாது ஆனா அமுக்குனா பிதுங்கணும், அதான் பதம். சுண்டக்கா சைசுல உருட்டி தூண்டி முள்ள மூடுங்க. அரைமணி முன்னாடியே நாலு உருண்டைய அதே எடத்துல வீசி வச்சா மீன் கூடும். தண்ணி மேல மெதக்குற தக்கை லேசா ஆடுனா இழுக்காதீங்க, சும்மா மோந்து பாக்குது, சாஞ்சு ஓடும் பாருங்க அப்ப சுண்டுங்க. அவசரப்பட்டு வெறும் முள்ள பாத்த நாள் எனக்கு கணக்கே இல்ல.

தண்ணி மேல செவப்பா கும்பலா மொச்சுக்கிட்டு இருந்தா அது விரால் குஞ்சு, கீழயே தாய் தகப்பன் காவல் இருக்கும், அதுங்கள புடிச்சா குஞ்செல்லாம் மத்த மீனுக்கு இரை, விட்டுடுங்க. கோடைல ஏரி வத்துறப்ப ஊர்ல பேசிட்டு கருவேல முள்ளு கிளைய கட்டி கல்லு வச்சு ஆழத்துல போடுங்க, தண்ணி வந்ததும் குஞ்சுக்கு ஒளிய எடம், பாசி புடிச்சா தீனியும் ஆச்சு. கரையோர கோரைய புடுங்காதீங்க. அறுந்த தூண்டி நரம்ப பாக்கெட்ல சுருட்டிக்கோங்க, கொக்கு கால்ல மாட்டும்.