டிப்ளோமாவில் எடுத்த கிரெடிட்டைப் பட்டப்படிப்புக்கு மாற்றுவது எப்படி

மிட்வேலியிலோ பினாங்கு ஸ்பைஸ் அரங்கிலோ நடக்கும் கல்விக் கண்காட்சியில், "உங்க டிப்ளோமாவுக்கு ஒரு வருஷம் கழிஞ்சிடும்" என்று மேசைக்கு மேசை சொல்வார்கள். அது சேர்க்கைப் பிரிவின் பேச்சு. கிரெடிட்டை மாற்றித் தருவது சேர்க்கைப் பிரிவு அல்ல, அந்தந்தப் பாடத்தை நடத்தும் துறை. அங்கே யாரும் உங்கள் டிப்ளோமாவை மொத்தமாக எடைபோடுவதில்லை, ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். மலேசியத் தகுதி முகமையான எம்.கியூ.ஏ.வின் இணையப் பதிவேட்டில் கல்லூரியின் பெயரைத் தேடாமல், நீங்கள் முடித்த படிப்பின் பெயரைத் தேடுங்கள். ஒரே கல்லூரியில் ஒரு படிப்பு முழு அங்கீகாரம் பெற்றிருக்கும், இன்னொன்று தற்காலிக அங்கீகாரத்தில் நிற்கும். பதிவெண்ணில் எஃப்.ஏ. என்றால் முழு அங்கீகாரம், பி.ஏ. என்றால் தற்காலிகம். புதிதாகச் சேரப்போகும் பட்டப்படிப்பையும் இதேபோல் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. நம் நாட்டில் 1 கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு மட்டுமல்ல, வீட்டில் படிப்பது, இடுபணி, தேர்வு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. டிப்ளோமாவுக்குக் குறைந்தது 90, இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். டிப்ளோமாவிலிருந்து இளங்கலைக்கு ஏறும்போது, மாற்றக்கூடிய பொதுவான உச்சவரம்பு மொத்தத்தில் 30 விழுக்காடு. 120இல் 36. மூன்று கிரெடிட் பாடமாகப் பார்த்தால் பன்னிரண்டு பாடம். இது உச்சவரம்புதான், உரிமை அல்ல. பொருந்துகிற பாடம் ஏழுதான் இருந்தால் ஏழுதான் கிடைக்கும்.

பொருத்தம் பார்ப்பதில் மூன்று கேள்விகள். பாடத்தில் குறைந்தது சி கிரேடு உண்டா? சி மைனஸ் போதாது. கிரெடிட் எண்ணிக்கை சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிறதா? பாட உள்ளடக்கம் 80 விழுக்காடாவது ஒத்துப்போகிறதா? பெரும்பாலான விண்ணப்பங்கள் மூன்றாவது கேள்வியில்தான் விழுகின்றன. 14 வாரப் பாடத்திட்டத்தில் 80 விழுக்காடு என்றால் 11.2. அதாவது 12 வாரத் தலைப்புகள் பொருந்த வேண்டும், 11 பொருந்தினால் போதாது. பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிப்ளோமாவின் 'புள்ளியியல்' விவரணைப் புள்ளியியலோடு நின்றுவிடும், பட்டப்படிப்பின் 'புள்ளியியல்' கருதுகோள் சோதனையில் பாதி செமஸ்டரைச் செலவழிக்கும்.

ஆகவே விண்ணப்பப் படிவத்தோடு நீங்களே ஓர் ஒப்பீட்டு அட்டவணை போட்டுக் கொடுங்கள். இடப்பக்கம் புதிய பாடத்தின் வாரத் தலைப்புகள், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் பழைய தலைப்பும் பக்க எண்ணும். பார்க்கிற விரிவுரையாளருக்கு வேலை குறையும், சந்தேகமும் குறையும். இரண்டு கிரெடிட் பாடங்கள் இரண்டைச் சேர்த்து ஒரு மூன்று கிரெடிட் பாடத்துக்கு ஈடாகக் கேட்கலாம். ஒரு நான்கு கிரெடிட் பாடத்தை வைத்து இரண்டு பாடம் கேட்டால் நடக்காது.

இணைக்க வேண்டியவை: அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், கிரேடு விளக்கப் பக்கம், ஒவ்வொரு பாடத்துக்கும் துறை முத்திரையிட்ட பாடத்திட்டம். நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டமாக அது இருக்க வேண்டும். இப்போது இணையத்தில் இருப்பது திருத்தப்பட்டதாக இருக்கலாம், பாடக் குறியீடு ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் இதை வாங்கிச் சேர்த்து வையுங்கள். கல்லூரி மூடப்பட்டாலோ வேறு கையில் போனாலோ, பிறகு முத்திரை வைக்க ஆள் கிடைக்காது.

சிலவற்றை எதிர்பார்க்கவே வேண்டாம். டிப்ளோமாவின் தொழிற்பயிற்சி பட்டப்படிப்பின் தொழிற்பயிற்சிக்கு ஈடாகாது. இறுதியாண்டுத் திட்டப்பணியும் அப்படியே. எம்.பி.யு. எனப்படும் கட்டாயப் பொதுப் பாடங்களில் 2இல் தொடங்கும் குறியீடு டிப்ளோமா நிலை, 3இல் தொடங்குவது பட்ட நிலை. முன்னது பின்னதற்கு ஈடாகாது. பவுண்டேஷன், மெட்ரிகுலேஷன் எல்லாம் உள்ளூரில் நுழைவுத் தகுதிதான், அவற்றிலிருந்து கிரெடிட் வராது. பொறியியல் போன்ற தொழில்சார் படிப்புகளில் அங்கீகார மன்றத்தின் விதியும் மேலே வந்து உட்காரும்.

ஒரு பட்டப்படிப்பிலிருந்து இன்னொரு பட்டப்படிப்புக்கு, அதாவது அதே நிலையில் மாறுபவர்களுக்கு, இந்த 30 விழுக்காட்டுக் கட்டு இல்லை. ஆனால் பட்டம் தரும் இடத்தில் குறைந்தது ஒரு கல்வியாண்டாவது படித்திருக்க வேண்டும் என்பது வழக்கம்.

கிரெடிட் கிடைத்தும் காலம் குறையாமல் போவதுண்டு. முதலாண்டின் பத்துப் பாடத்தில் எட்டு கழிந்துவிட்டது என்று வையுங்கள். மீதமுள்ள இரண்டில் ஒன்று இரண்டாமாண்டுப் பாடத்துக்கு முன்தேவை, அது ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது. செப்டம்பரில் நடக்கும் பாடத்துக்கு நீங்கள் ஜனவரியில் சேர்ந்தால், மிச்சமான நேரமெல்லாம் காத்திருப்பிலேயே போய்விடும். எனவே எந்த மாதம் சேர்வது என்பதை, முன்தேவைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். மாற்றிய பாடம் பெரும்பாலும் மொத்த மதிப்பெண் சராசரியான சி.ஜி.பி.ஏ.வில் சேராது, விலக்கு என்றே டிரான்ஸ்கிரிப்டில் வரும். டிப்ளோமாவில் ஏ வாங்கியவருக்கு இதில் சற்று நட்டம்தான்.

வெளிநாடு போகிறவர்கள் எண்ணை எண்ணோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் 1 கிரெடிட் 10 மணி நேரம், ஹானர்ஸ் பட்டத்துக்குப் பொதுவாக 360. அங்கே பாடத்தின் நிலையையும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட். குவார்ட்டர் முறையில் படித்திருந்தால் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும், 45 குவார்ட்டர் கிரெடிட் 30 ஆகிவிடும்.

வகுப்பறையில் படிக்காமல் வேலையில் கற்றவர்களுக்கு ஏபெல்-சி என்று தனி வழி உண்டு. சவால் தேர்வோ ஆவணத் தொகுப்போ கொடுத்து, 30 விழுக்காடு வரை கிரெடிட் கேட்கலாம்.

கையெழுத்திட்டு முன்பணம் கட்டுவதற்கு முன், எந்தெந்தப் பாடம் விலக்கு, எத்தனை கிரெடிட் மீதம், ஒரு பாடத்துக்கு விலக்குக் கட்டணம் எவ்வளவு என்று பாடக் குறியீட்டோடு எழுத்தில் வாங்குங்கள். "சேர்ந்த பிறகு பார்க்கலாம்" என்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள். நிராகரித்தால் எந்தத் தலைப்பு குறைகிறது என்று கேளுங்கள், இடுபணித் தாளையும் பாடநூல் பட்டியலையும் இணைத்து மேல்முறையீடு செய்யலாம். அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கடன் எடுப்பவர்கள், விலக்கு உறுதியானதும் குறைந்த படிப்புக் காலத்தை அங்கே தெரிவித்துவிடுங்கள். கடன் தொகை அந்தக் காலத்தை ஒட்டித்தான் வரும்.