பேப்பர் இல்லாத பிள்ளைங்க கலிஃபோர்னியால காலேஜ் சேர்றது எப்படி? ஃபார்ம் ரெண்டு, ரெண்டையும் போடணும்

அமெரிக்கால தங்கறதுக்கான பேப்பர் (விசா, கிரீன் கார்டு மாதிரி) இல்லன்னாலும் பன்னெண்டாவது வரைக்கும் பப்ளிக் ஸ்கூல்ல ஃப்ரீயா படிக்கலாம், 1982ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு அது. காலேஜுக்கு அப்படி இல்ல, ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும். டெக்ஸாஸ்தான் 2001ல முதல்ல பேப்பர் இல்லாத பிள்ளைங்களுக்கும் உள்ளூர் பிள்ளைங்களோட கம்மி ஃபீஸே போதும்னு சொல்லுச்சு, 2025 ஜூன்ல கோர்ட் அதை நிறுத்திடுச்சு. அதனால நான் கலிஃபோர்னியாவ மட்டும் சொல்றேன், பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குக் கூட உக்காந்து பண்ணது இதுதான்.

ஸ்டெப் 1: ஏபி 540ல வர்றீங்களான்னு பாருங்க, வெளி ஸ்டேட் ஃபீஸ் கட்டாம உள்ளூர் ஃபீஸ்ல படிக்க விடற கலிஃபோர்னியா சட்டம் அது. இங்க ஹைஸ்கூல்ல மூணு வருஷம் படிச்சு முடிச்சிருந்தா போதும், அடல்ட் ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜ் வருஷங்களையும் இப்ப சேர்த்துக்கறாங்க. டூரிஸ்ட் விசா, ஸ்டூடன்ட் விசா இன்னும் முடியாம இருக்கவங்களுக்கு இது கிடையாது, ஆனா விசா முடிஞ்சுபோய் இங்கயே இருக்கற பிள்ளைக்கு உண்டு, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாம, கேக்கவும் பயந்துட்டு சும்மா இருந்துடறாங்க.

இதுல எவ்வளவு மிச்சம்னா, யூசில (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) 2025ல சேர்ந்த வெளி ஸ்டேட் பிள்ளைக்கு டியூஷனுக்கு மேல தனியா 37,602 டாலர், ஏபி 540 இருந்தா அது மொத்தமா போயிடும். கம்யூனிட்டி காலேஜ்ல யூனிட்டுக்கு 46 டாலர்தான், 12 யூனிட் எடுத்தா 552.

ஸ்டெப் 2: ஏபி 540 உறுதிமொழி ஃபார்ம். காலேஜ் அட்மிஷன்ஸ் ஆபீஸ்ல குடுக்கணும், கூட ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்ட் (மார்க் விவரப் பேப்பர்). "தகுதி வந்ததும் லீகல் ஸ்டேட்டஸுக்கு அப்ளை பண்ணுவேன்"னு அதுல ஒரு வரி வரும், அந்தப் பொண்ணோட அம்மா அதைப் பாத்துட்டு பேனாவ கீழ வச்சுட்டாங்க. இப்பவே எதுக்கும் அப்ளை பண்ணச் சொல்லல, வழி வந்தா பண்ணுவேன்னுதான் சொல்றோம், குடுக்கற விவரத்தையும் ரகசியமா வைக்கணும்னு அதே சட்டத்துல இருக்குன்னு எடுத்துச் சொன்னதுக்கப்புறம்தான் சரின்னாங்க.

ஸ்டெப் 3: கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் அப்ளிகேஷன். ஃபாஃப்ஸாங்கற மத்திய அரசு உதவிப்பண ஃபார்ம நீங்க போடக்கூடாது, டாக்கா (DACA, சின்ன வயசுல வந்தவங்கள நாடு கடத்தாம விடற தற்காலிக ஏற்பாடு) இருந்தாலும் அந்தக் காசு கிடையாது. ட்ரீம் ஆக்ட்ல வர்றது ஸ்டேட் காசு, கால் கிராண்ட் (Cal Grant, ஸ்டேட் குடுக்கற உதவிப்பணம்) எல்லாம் இது வழியாத்தான் வரும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லன்னா அந்தக் கட்டத்தை காலியா விடுங்க, வேற யாரோட நம்பரையும் போட்டுடாதீங்க ப்ளீஸ். அப்பா அம்மா வருமான விவரம் கேப்பாங்க, டேக்ஸ் பேப்பர் இருந்தா கைல வச்சுக்கோங்க. நாலு வருஷ காலேஜுக்கு வழக்கமா மார்ச் 2 கடைசி நாள், கால் கிராண்டுக்கு ஸ்கூல்ல இருந்து உங்க ஜிபிஏவும் (மார்க் சராசரி) போயிருக்கணும், கவுன்சிலர்கிட்ட அனுப்பிட்டாங்களான்னு கேட்டுடுங்க.

நாங்க இங்கதான் கோட்டை விட்டோம். மூணாவது ஸ்டெப்ப முடிச்சதும் எல்லாம் ஆச்சுன்னு நெனச்சு அந்த உறுதிமொழி ஃபார்ம கையெழுத்தோட டிராயர்லயே வச்சுட்டோம், ஆகஸ்ட்ல வெளி ஸ்டேட் ரேட்ல பில் வந்து நின்னுச்சு, அந்தப் பொண்ணு காலேஜே வேணாம்னு அழுதுச்சு. மறுநாள் காலைல ஃபார்மோட நேர்ல போனோம், ரெண்டு வாரத்துல பில்ல மாத்திட்டாங்க. உங்களுக்கும் அப்படி வந்தா ட்ரீம் ரிசோர்ஸ் லியேசான் (இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு உதவற காலேஜ் ஆள்) யாருன்னு கேளுங்க, கம்யூனிட்டி காலேஜ்லயும் கால் ஸ்டேட் (Cal State) யுனிவர்சிட்டிலயும் அப்படி ஒருத்தர் இருக்கணும்னு சட்டமே இருக்கு.